வாடைக்கு ஒரு பலகை

தை பிறந்துவிட்டால் ராமேசுவரம் தீவில் வாடை நிலைகொண்டுவிடும். விடிகாலையில் அது இருப்பதே தெரியாது. வெயில் ஏறி பத்து மணி ஆகும்போது தென்னை ஓலைகள் ஒரே பக்கமாக ஒதுங்கத் தொடங்கும். நண்பகலுக்குள் தீவின் வடக்குக் கரை நெடுக, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கடல் சின்னச் சின்ன நுரைத் தலைகளோடு துள்ளிக்கொண்டிருக்கும். வேகம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. 12 முதல் 15 நாட், அதாவது மணிக்கு 22 முதல் 28 கிலோமீட்டர். கைட் சர்ஃபிங் செய்கிறவர்கள் இதைப் பலமான காற்று என்று சொல்லமாட்டார்கள். ஆனால் இந்தக் காற்று கிளப்பிவிடும் சிற்றலை, அதன் அளவுக்குப் பொருந்தாத முரட்டுத்தனம் கொண்டது.

இந்த இரண்டையும் ஒன்றாகச் சமாளிக்கிற போர்டு எது என்று பார்த்து முடிவு செய்யத்தான் இந்த முறை சென்னையிலிருந்து ரயில் ஏறினேன். அதுவும் ஸ்ட்ராப் இல்லாத போர்டு. காலைப் பிடித்துவைக்கப் பட்டையோ வாரோ கிடையாது. பாதம் வெறுமனே பலகைமேல் நிற்கும். வானத்தில் இருக்கும் கைட் இடுப்பில் கட்டிய ஹார்னெஸை இழுக்கிறது. அந்த இழுவைக்கு எதிராக நாம் பின்னால் சாய்ந்து பலகையை மிதிக்கிறோம். காலுக்கும் பலகைக்கும் உள்ள உறவு அந்த அழுத்தம் ஒன்றுதான். காற்று ஒரு நொடி தளர்ந்தால் அழுத்தமும் தளரும். சரியாக அந்த நொடியில் ஓர் அலை அடியிலிருந்து தட்டினால் பலகை ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். காற்று குறைவாகவும் கடல் மேடுபள்ளமாகவும் இருக்கும் இடத்தில் இந்த இரண்டும் அடிக்கடி ஒன்றாக நேரும். அதனால்தான் போர்டைத் தேர்ந்தெடுப்பது இங்கே இவ்வளவு முக்கியமாகிறது.

பிறகு ஏன் ஸ்ட்ராப் வேண்டாம் என்கிறீர்கள் என்று ரயிலில் எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் கேட்டார். காரைக்குடிக்காரர். என் நீளப் பையை இருக்கைக்கு அடியில் தள்ள அவர்தான் உதவினார். நியாயமான கேள்வி. ஸ்ட்ராப் போட்டால் கால் ஓர் இடத்தில் கட்டுப்பட்டுவிடும். இளங்காற்றில் பலகை கிளம்புவதற்கு முன்னங்காலை இன்னும் நான்கு விரல் முன்னால் நகர்த்த வேண்டியிருக்கும்; கிளம்பியதும் பின்னால் வர வேண்டியிருக்கும்; திரும்பும்போது இரண்டு காலும் இடம் மாற வேண்டும். கட்டில்லாத கால்தான் இதையெல்லாம் இயல்பாகச் செய்யும். அலையின் முகத்தில் இறங்கும்போது கைட்டின் இழுவையை மறந்து வெறும் சர்ஃபிங் செய்கிற சில நொடிகள் கிடைக்கின்றனவே, அதற்கு ஈடு எதுவும் இல்லை. கேப் வெர்டே தீவுகளின் மிட்டு மொன்டைரோ போன்றவர்கள் ஸ்ட்ராப் இல்லாமலே அலையையும் வானத்தையும் ஆண்டு காட்டிய பிறகுதான் உலகம் முழுவதும் பலர் பட்டையைக் கழற்றினார்கள். பெரியவருக்கு அலைகளைவிட ஹார்னெஸின் கொக்கிமீதுதான் அக்கறை. அது பிய்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று மறுபடி மறுபடி கேட்டார். அவசரத்தில் ஒரே தள்ளலில் கைட்டை விடுவிக்கும் பிடி உண்டு என்று எடுத்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

பாம்பனில் புதிய பாலத்தின் மேல் வண்டி மெதுவாகப் போனது. பக்கத்திலேயே 1914-இல் திறந்த பழைய பாலம். காற்று வரம்பு மீறினால் ரயிலை நிறுத்திவைக்கும் வழக்கம் இந்த இடத்தில் நெடுங்காலமாக உண்டு. இந்தியாவில் காற்றைக் கேட்டுக்கொண்டு ரயில் ஓடும் இடங்கள் அதிகம் இல்லை. எனக்கு வேண்டியதோ அந்த வரம்பில் பாதி வேகம்.

பாலத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடி மீனவர்கள் வடக்கில் இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கில் இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். சாந்தமானது பெண் கடல், சீறுவது ஆண் கடல் என்று கணக்கு. தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் ஆனி, ஆடியில் இது சரியாகப் பொருந்தும். தைமாத வாடையில் கதை தலைகீழ். வடகிழக்கிலிருந்து வரும் காற்று பாக் விரிகுடாவின் முழுப் பரப்பையும் தேய்த்துக்கொண்டு வந்து வடக்குக் கரையில் மோதுகிறது. விரிகுடாவோ ஆழமில்லாதது. பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். ஆழமில்லாத நீரில் காற்று எழுப்பும் அலை நீண்டு படுக்காது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும். கரையில் மோதித் திரும்பும் அலையும் அதோடு சேர்ந்துவிட்டால் எந்த ஒழுங்கும் மிஞ்சாது. அதே நேரத்தில் தனுஷ்கோடி மணல்திட்டின் தெற்குப் பக்கம் போய்ப் பார்த்தால் ஆண் கடல் கண்ணாடியாகக் கிடக்கிறது.

அப்படியானால் தெற்குப் பக்கம் போய்விட வேண்டியதுதானே? வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். தனுஷ்கோடிச் சாலையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அந்தத் தண்ணீரின் அழகைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பாக்க நல்லாத்தான் இருக்கும் தம்பி. வாடை அடிக்கயில அந்தப் பக்கம் எதையாவது விட்டா அது திரும்பி வராது. நேரா வெளியதான் போகும். போன வருசம் ஒரு மிதவைக் கட்டை நம்ம கண்ணு முன்னாலயே போச்சு. எஞ்சின் போட்டுப் போய்த்தான் புடிச்சோம்.”

முழு விஷயமும் அதில் இருக்கிறது. தெற்குக் கரையில் வாடை நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. ஸ்ட்ராப் இல்லாத போர்டு காலை விட்டுப் போவது விபத்து அல்ல, அன்றாடம். அதைக் கயிற்றால் காலில் கட்டிக்கொள்ளவும் கூடாது. இழுபட்ட கயிறு சுருங்கும்போது பலகை திரும்பித் தலையிலோ முதுகிலோ மோதும். கைட்டின் வேகத்தில் அது சாதாரண அடியாக இருக்காது. ஆக, பலகை போனால் உடம்பை நீரில் கிடத்தி, ஒரு கையைத் துடுப்பாக நீட்டி, கைட்டின் இழுவையில் காற்றுக்கு எதிராகக் குறுக்கும் நெடுக்குமாகப் போய்த்தான் அதை எடுக்க வேண்டும். வடக்குக் கரையில் போர்டைத் தவறவிட்டால் அது நாம் தேடுவதற்குள் கரையை நோக்கி வந்துகொண்டிருக்கும். தெற்குக் கரையில் தவறவிட்டால் மன்னார் வளைகுடாவின் திறந்த கடலுக்குப் போகும். துணைக்கு மோட்டார் படகு வைத்துக்கொண்டு ஓட்டுகிற பள்ளிகள் உண்டு. அவர்கள் மாணவர்களை அந்தத் தட்டை நீரில் பழக்குவது சரியே. தனியாகப் போகிற, கட்டில்லாத பலகைக்காரனுக்கு வாடைக் காலத்தில் கலங்கிய வடக்குக் கரைதான் இடம்.

இப்படித்தான் இளங்காற்றும் சிற்றலையும் ஒன்றாக நம் தலையில் விடிகின்றன. ராமேசுவரத்தில் மட்டும் இல்லை. ஆழமில்லாத விரிகுடாவும் கரையை நோக்கிய காற்றும் சேரும் எந்த ஊரிலும் இதே கதைதான். ஆனால் கடைகளில் விற்கும் ‘இளங்காற்றுப் போர்டு’ தட்டை நீரை நினைத்துச் செய்யப்பட்டது. ‘அலைப் போர்டு’ பலமான காற்றை நினைத்துச் செய்யப்பட்டது. நடுவில் நிற்கிறவனுக்கு எழுதிவைத்த விடை கிடையாது.

நான் தங்கியது வடக்குக் கரையில், உடைமரங்களுக்கு நடுவே ஓலை வேய்ந்த ஒரு கொட்டகையோடு இருந்த சின்னப் பயிற்சிப் பள்ளியில். அங்கே சொல்லிக்கொடுக்கும் இளைஞர் மீனவர் குடும்பத்துப் பிள்ளை. காற்று எந்தத் திசையில் எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதைக் கைபேசியைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். கொட்டகையில் வெவ்வேறு காலத்தில் வந்தவர்கள் விட்டுப்போன போர்டுகள் சாத்தியிருந்தன. “எல்லாத்தையும் எடுத்துப் பாருங்கண்ணா. தண்ணிதான் சொல்லும்” என்றார்.

முதலில் எடுத்தது இப்போது எல்லாக் கடற்கரையிலும் தென்படும் மொட்டை மூக்குப் போர்டு. 5 அடி 2 அங்குலம் நீளம், 19 அங்குல அகலம். முன்பக்கக் கூர்மையை வெட்டி எறிந்துவிட்டு, அகலத்தை மூக்கு முதல் வால் வரை அப்படியே நீட்டியிருந்தார்கள். தரையில் குப்புறக் கவிழ்த்து நேரான அலுமினியப் பட்டை ஒன்றை அடிப்பக்கத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். நடுவில் மூன்றடிக்கு மேல் பட்டை ஒட்டியே கிடந்தது. மூக்கிலிருந்து வால்வரை அடிப்பக்கம் வளையும் வளைவைத்தான் ராக்கர் என்கிறார்கள். இளங்காற்றில் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான். வளைவு குறைந்த பலகை நீரைத் தள்ளிக்கொண்டு போகாமல் சீக்கிரமே அதன் மேலே ஏறிக்கொள்ளும். ஏறிவிட்டால் எதிர்ப்பு சட்டென்று குறையும். குறைந்த காற்றே அதற்குப் பிறகு போதும்.

உண்மையிலேயே அந்தப் போர்டு கிளம்பிய விதம் அற்புதம். காற்று 12 நாட்டைத் தொட்டிருக்காது. 12 சதுர மீட்டர் கைட்டை ஒரு முறை மேலிருந்து கீழே வீசியதும் பலகை எழுந்து ஓடியது. கரையோரம் ஐம்பது மீட்டர் வரை, தண்ணீர் இடுப்பளவு இருக்கும் இடத்தில், எந்தக் குறையும் இல்லை. அதைத் தாண்டி அலைகள் நெருங்கி வரத் தொடங்கியதும் அதே தட்டை அடிப்பக்கம் எதிரியாகிவிட்டது. அகன்ற மூக்கு ஒவ்வோர் அலையின் தோளிலும் விரித்த உள்ளங்கையால் தண்ணீரை அறைவது போல மோதியது. ஒவ்வொரு மோதலும் முழங்காலுக்கு வந்தது. அதைவிடத் தொல்லை, மோதியதும் மூக்கு எழும்பும். எழும்பியதும் அதன் அடியில் காற்று புகும். இரண்டரைக் கிலோகூட இல்லாத பலகை காலிலிருந்து நழுவத் துடிக்கும். காலில் பட்டை இருந்தால் அந்த எழும்பலை வலுக்கட்டாயமாக அமுக்கிவிடலாம். இங்கே வழியில்லை. அலையின் வேகத்துக்கு முழங்காலை மடக்கி மடக்கி ஓட்டினேன். ஒரு மணி நேரத்தில் தொடைகள் கனத்துவிட்டன.

கொட்டகையில் இருந்த நீளமான அலைப் போர்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 5 அடி 10 அங்குலம், கூர்மூக்கு, நல்ல வளைவு. அலைகளுக்கு நடுவே கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. ஆனால் காற்று 16 நாட்டுக்குக் குறைந்ததும் நீருக்குள் உட்கார்ந்துகொண்டது. அது கச்சான் காலத்துப் போர்டு. தெற்குக் கரையில் ஆனி மாத அலைக்கு அதை எடுக்கலாம்.

இங்கே லிட்டர் கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போர்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். இந்த நீளப் போர்டு மொட்டைப் போர்டைவிட ஐந்தாறு லிட்டர் கூடுதலாக மிதக்கும். அப்படியிருந்தும் இளங்காற்றில் தோற்றது அதுதான். கையால் துழாவி அலையைப் பிடிக்கும் சர்ஃபருக்கு மிதவை உயிர். கைட்காரனின் எடையில் ஒரு பங்கைக் கைட் தூக்கிக்கொள்கிறது. பலகை ஓடத் தொடங்கியபிறகு அவனைத் தாங்குவது உள்ளே இருக்கும் நுரை அல்ல, அடிப்பரப்பில் மோதும் நீர். ஆகவே பரப்பும் வளைவும் முதலில், லிட்டர் பிறகு. மிதவைக்கும் ஒரு வேளை உண்டு. காற்று அறவே தளரும் இடைவெளிகளில், கைட் அடுத்த வீச்சுக்குத் தயாராகும்வரை நம்மை மூழ்கவிடாமல் வைத்திருப்பது அதுதான். திசை மாறும் நொடியில் வேகம் இறங்கும்போதும் அப்படித்தான். என் எடைக்கு 25 லிட்டருக்குக் குறைந்தால் அந்த இடைவெளிகளில் பலகை அமிழ்ந்துவிடுகிறது. 30-ஐத் தாண்டினால் சிற்றலையில் ஓரத்தைக் கடிக்கவைக்க முடியாதபடி தடித்துப்போகிறது.

காற்று தளர்வதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 14 நாட் 10 ஆக இறங்கினால் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறைந்திருக்காது, விசையோ ஏறக்குறையப் பாதியாகியிருக்கும். அப்போது கைட் கடலில் விழுந்தால் எழுப்புவது கடினம். பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த லெகன்யூ சகோதரர்கள் 1984-இல் காப்புரிமை கோரியது, காற்றடைத்த குழாய்களால் மிதந்து நீரிலிருந்து மறுபடி எழும்பக்கூடிய கைட்டுக்குத்தான். இன்றைய கைட் சர்ஃபிங் அங்கிருந்து பிறந்தது. அந்த ஏற்பாட்டுக்கும் எழும்பக் கொஞ்சம் காற்று வேண்டுமே. ஒரே ஒரு குறுக்குக் குழாய் வைத்த எடை குறைந்த கைட்டுகள் இளங்காற்றில் மற்றவற்றைவிட எளிதாக எழும்புகின்றன. எடையைக் குறைக்கப் பணம் செலவழிப்பதானால் அதைக் கைட்டில் செலவழிக்க வேண்டும், போர்டில் அல்ல என்பது என் துணிபு. ஏன் என்பதை மூன்றாவது போர்டு காட்டிக்கொடுத்தது.

அது மூலையில் கிடந்தது. மஞ்சள் ஏறிய பழைய பலகை, 5 அடி 7 அங்குலம். நடு அகலம் பதினெட்டே முக்கால். மூக்கு கூர்மையும் இல்லை, மொட்டையும் இல்லை. ஓரங்கள் மெதுவாக ஒடுங்கி ஒரு விரல் அகலத்தில் முடிந்தன. பட்டையை வைத்துப் பார்த்தால் நடுப்பகுதி மொட்டைப் போர்டின் அளவுக்கே தட்டை. வளைவு முழுவதும் முன்னங்காலுக்கு முன்னாலுள்ள ஓரடியில் அடங்கியிருந்தது. கவிழ்த்து அடிப்பக்கத்தைக் கையால் தடவினேன். முன்காலுக்குக் கீழே ஆழமே இல்லாத ஒரு பள்ளம்; பின்னால் போகப்போக அது இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு மெல்லிய முகடு எழும்பியது; வாலுக்கு அடியில் துருத்தி நிற்கும் ஃபின்களுக்கு இடையே அந்த முகடு உள்ளங்கையில் நன்றாகத் தட்டுப்பட்டது. விளக்கை ஒருபுறமாகப் பிடித்துப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும், கைக்கு உடனே தெரிந்துவிடும்.

வால் பக்கத்தில் யாரோ ஒட்டுப்போட்டிருந்தார்கள். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தியதும் உள்ளே பொத்தென்று அமுங்கியது. இளைஞர் சிரித்தார். “ஃபைபர் படகு ஒட்டுற ரெசின் ஊத்திட்டாங்கண்ணா. உள்ள இருக்கிற வெள்ள நுரைய அது தின்னுரும். எப்பாக்சிதான் போடணும்.” கரையோர ஊர்களில் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் இடங்களுக்குக் குறைவே இல்லை. கண்ணாடி இழைப் பாய் கிடைக்கும், கைத்தேர்ச்சி உண்டு. ஆனால் படகுக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன், இப்போதைய போர்டுகளின் இ.பி.எஸ். நுரையைக் கரைத்துவிடும். பயணத்தில் போர்டு எடுத்துச் செல்கிறவர்கள் சின்னதாக ஓர் எப்பாக்சிப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

ஒட்டுப்போட்டதில் எடை கூடி மூன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் இருந்தது அந்தப் பலகை. மறுநாள் நண்பகலில் அதோடு இறங்கினேன். கிளம்பும்போது மொட்டைப் போர்டைவிட ஒரு வீச்சு அதிகம் கேட்டது, உண்மைதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். வெளியே, நுரைத் தலைகள் நெருங்கும் இடத்தில், அடிப்பக்கத்து முகடு ஒவ்வோர் அலையையும் இரண்டாகப் பிரித்து ஓரங்களுக்கு அனுப்பியது. சத்தமே மாறிப்போயிற்று, அறைச்சல் போய் ஓர் உரசல். மூக்கு ஒடுங்கியிருந்ததால் அலைமுகட்டில் எழும்பாமல் அதைத் துளைத்துக்கொண்டு போனது. கூடுதல் எடை பலகையைக் காலுக்குக் கீழேயே உட்காரவைத்தது. காற்று தளர்ந்த நொடிகளில்கூட அது உதறிக்கொண்டு போகவில்லை. எடை குறைந்த போர்டே உயர்ந்தது என்று விலைப்பட்டியல்கள் சொல்வதை, ஸ்ட்ராப் இல்லாதவர்கள் சிற்றலைக் கடலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வானத்தில் குதித்துச் சுழல்கிறவர்களுக்கு அது பொருந்தும். அவர்கள் பலகையைக் காற்றின் அழுத்தத்தால் பாதத்தோடு ஒட்டவைத்துக்கொள்கிறார்கள். நீரில் ஓடுகிறவனுக்குக் கொஞ்சம் கனம் துணை.

அன்று மாலை கரையில் படகை ஏற்றிக்கொண்டிருந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர், முன்பு பாய்போட்டு வள்ளம் ஓட்டியவர், மொட்டைப் போர்டையும் பழைய போர்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அகலமா அடி வச்சா சுளுவா மிதக்கும் தம்பி, காத்து கம்மின்னாலும் போகும். வாடைக் கடலுக்கு ஆகாது, அடி வாங்கியே போயிரும். இது நல்ல அடி” என்று பழையதைத் தொட்டார். பாயும் காற்றும் அலையும் அறிந்த கை அது. நான் பல நாள் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டதை அவர் ஒரு தடவலில் சொல்லிவிட்டார்.

பள்ளியில் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் இதற்கெல்லாம் ஃபாயில்தான் தீர்வு என்று வாதாடினார். நீருக்கடியில் இறக்கை வைத்த அந்தப் போர்டு, அலைக்கு மேலே அரை மீட்டர் உயரத்தில் பறந்துவிடும். சிற்றலை அதைத் தொடவே தொடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மார்செய் கடலில் முதன்முறையாக நடந்த கைட் போட்டி முழுவதும் ஃபாயிலில்தான். ஐந்தாறு நாட் காற்றிலேயே அவை ஓடும். அவர் சொன்னது மார்செய்க்குச் சரி. பாக் விரிகுடாக் கரையில் நூறு மீட்டர் உள்ளே போனாலும் தண்ணீர் மார்பளவுதான் இருக்கும் இடங்கள் உண்டு. ஃபாயிலின் தண்டே 70 முதல் 90 சென்டிமீட்டர். அடியில் கடல்புல் படுகைகள், இடையிடையே கடற்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி சதுரமாக மூங்கிலைக் கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளைக் கோத்து நங்கூரமிட்டு விட்டிருப்பார்கள். பெரும்பாலும் பெண்கள் பார்த்துக்கொள்ளும் தொழில் அது. அந்த மிதவைகள் நீர்மட்டத்தோடு கிடக்கும், தூரத்திலிருந்து தெரியாது. அந்தக் கயிறுகளில் ஃபாயிலின் இறக்கை சிக்கினால் நமக்கு எலும்பு, அவர்களுக்குப் பிழைப்பு. கரைவலை இழுக்கும் நேரத்திலும் அப்படித்தான்; கயிறு கடலில் இருக்கும்வரை கைட்டை மணலில் இறக்கிவைத்துவிட வேண்டும். அது அவர்களுடைய கடல், நாம் விருந்தாளிகள்.

கடல்புல்லால் எங்களுக்கும் ஒரு தொல்லை உண்டு. வாடை அதைப் பிடுங்கிக் கொண்டுவந்து வடக்குக் கரையில் குவிக்கும். மிதந்து வரும் புல் ஃபின்னில் மாட்டிக்கொண்டால், காலடியில் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி வேகம் இறங்கிவிடும். இளங்காற்றில் காற்றுக்கு எதிராக ஏற வேண்டுமானால் பெரிய ஃபின் வேண்டும். புல்லுக்கோ செங்குத்தாக நிற்கும் பெரிய ஃபின் ஆகாது. பின்னோக்கிச் சாய்ந்த ஃபின்னில் புல் வழுக்கிக் கழன்றுவிடுகிறது. பழைய போர்டில் இருந்தவை அப்படிப்பட்டவைதான்.

பாதத்துக்கு அடியில் என்ன இருக்க வேண்டும் என்பதிலும் அந்த ஊருக்கென்று ஒரு விடை இருந்தது. சர்ஃபர்கள் மெழுகு தேய்ப்பார்கள். ராமேசுவரத்தில் தை மாதத்திலும் வெயில் வெயில்தான். அரைமணி நேரம் மணலில் கிடந்த போர்டில் மெழுகு உருகி, மணலோடு சேர்ந்து உப்புத்தாளாகிவிடும். வெறும் மார்போடு அதன்மேல் படுத்தால் தோல் சிவந்துவிடும். மூக்கிலிருந்து ஓரடி விட்டு வால்வரை முழுவதும் ஒட்டிய ரப்பர் மெத்தைதான் நல்லது. ஸ்ட்ராப் இல்லாத கால் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிற்றலையில் அது நினைத்த இடத்தில் நிற்பதே அரிது. வாலோரத்தில் மட்டும் ஒரு விரல் உயரத் தடுப்பு இருந்தால் பின்னங்கால் இருட்டிலும் தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

கிளம்புவதற்கு முன் தீவின் தென்கிழக்கு முனையான அரிச்சல்முனை வரை போய்வந்தேன். வழியில், 1964 டிசம்பர் புயல் தின்ற தனுஷ்கோடியில், பவளக்கல் வைத்துக் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. சாலை முடியும் இடத்தில் கூட்டம் எந்நேரமும் இருக்கிறது. மாலைக்குள் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர். இடதுபக்கம் கலங்கி நுரைக்கும் கடலையும் வலதுபக்கம் மடிப்பில்லாத நீலத்தையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். எந்தக் கடலில் இறங்கப்போகிறோம் என்பது முடிவாகாமல் எந்தப் போர்டையும் வாங்கக் கூடாது என்பதை வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

சென்னைக்குத் திரும்பியதும் போர்டு செதுக்குகிறவர் ஒருவரிடம் அளவுகளைக் கொடுத்தேன். நீளம் 5 அடி 7 அங்குலம், அகலம் பதினெட்டே முக்கால், 27 லிட்டர். நடுவில் தட்டை, வளைவு முழுவதும் மூக்கில். முன்னால் ஒற்றைப் பள்ளம், பின்னால் இரட்டை, ஃபின்களுக்கு இடையே நல்ல முகடு. ஓரங்கள் மெலிதாக. கார்பன் வேண்டாம், கண்ணாடி இழையே போதும். காலடியில் மட்டும் ஓர் அடுக்கு கூடுதலாக. நிறம் வெள்ளை, வெயிலில் உள்ளே இருக்கும் நுரை சூடேறி உப்பாமல் இருக்க. கார்பன் இல்லாமல் செய்தால் முக்கால் கிலோ கூடுமே என்றார். அந்த முக்கால் கிலோதான் வேண்டும் என்றேன். ஃபின் மூன்று, பக்கத்துக்கு நாலரை அங்குலம், நடுவில் இருப்பது அதைவிடக் கொஞ்சம் சிறியது. மூன்றும் நன்றாகப் பின்சாய்ந்தவை. மாசிக்குள் முடித்துத் தந்தால் வாடை ஓய்வதற்குள் ஒரு தடவை போய்வந்துவிடலாம்.